நிரல் எழுதாமல் டிவி கேம் செய்ய ஒரு கருவி: பாதி முடிந்தது, மீதிக்கு யோசனை வேண்டும்

தக்கலைக்காரன் | சனி, இரவு 10.15

வணக்கம். ஆறு மாதமாகச் சனி ஞாயிறுகளில் ஒரு வேலை பார்த்துக்கொண்டிருக்கிறேன். கேசட் போட்டு விளையாடினோமே, அந்தக் காலத்து டிவி கேம், அந்த மாதிரி விளையாட்டுகளைப் பிள்ளைகளே செய்துகொள்ள ஒரு கருவி. ஒரு வரி நிரல்கூட எழுத வேண்டாம். மெனுவிலிருந்து பிழைச்செய்தி வரை எல்லாம் தமிழ். பகலில் நான் எழுதுவது கடைகளுக்கு பில் போடும் சாஃப்ட்வேர். இரவில் இது. வேலையா விளையாட்டா என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை, எனக்கும்தான்.

ஆரம்பித்து வைத்தது அக்கா மகள், எனக்கு மருமகள். ஏழாம் வகுப்பு. விடுமுறைக்கு வந்தவள் என் போனில் பழைய டிவி கேமை ஓட்டிக்காட்டும் எமுலேட்டரைப் பார்த்துவிட்டு, “மாமா, இதுல நம்ம முட்டம் வருமா?” என்று கேட்டாள். முட்டம் எங்கள் குமரிக் கடற்கரை ஊர். வராது என்று சொல்ல மனம் வரவில்லை.

உள்ளே நடப்பது இதுதான். விளையாட்டின் எந்திரத்தை, டிவி கேம் பெட்டியின் 6502 சிப்புக்குப் புரியும் அசெம்பிளி மொழியில் நான் ஒரே தடவை எழுதிவைத்துவிட்டேன். நடப்பது, விழுவது, மோதுவது, எண்ணிக்கை எல்லாம் அதில் இருக்கிறது. பிள்ளைகள் வரையும் படம், அடுக்கும் திரை, எழுதும் விதி எல்லாம் வெறும் பைட்டுகளாக ரோம் கோப்பில் (கேசட்டுக்குள் இருப்பதெல்லாம் அடங்கிய கோப்பு) அதனதன் இடத்தில் போய் உட்காரும். கம்பைலர் எதுவும் வேண்டாம், பிரவுசரே போதும், பழைய ஆண்ட்ராய்டு போனிலும் ஓடுகிறது. 16 பைட் தலைப்பு, 32 கேபி நிரல், 8 கேபி படம், ஆக மொத்தம் 40,976 பைட். காலையில் குடும்ப வாட்ஸாப் குழுவில் வரும் ரோஜாப்பூ வணக்கம் இதைவிடப் பெரியது.

திரை 256×240 புள்ளி. அதை 16×16 கட்டங்களாக வெட்டினால் குறுக்கே 16, நெடுக்கே 15. ஆக ஒரு திரைக்கு 240 பைட். சுருக்காமலே 50 திரை போட்டாலும் 12,000 பைட்தான் ஆகிறது.

எனக்கே பிடித்த பகுதி தாவல். புவியீர்ப்பு இத்தனை, வேகம் இத்தனை என்று எண் எதுவும் கேட்பதில்லை. ஆளைத் தொட்டால் கட்டத்தின் மேல் ஒரு வளைவு தெரியும். அதன் உச்சியைப் பிடித்து இழுத்தால் உயரம், நுனியை இழுத்தால் தூரம். எண்ணை எந்திரம் கணக்குப் போட்டுக்கொள்ளும். பாறை விளிம்பைத் தாண்டிக் கால் வைத்த பிறகும் சில ஃப்ரேம் (திரை ஒரு தடவை வரையப்படும் நேரம்) வரை பட்டனை ஏற்றுக்கொள்ளும். இந்தச் சின்ன இரக்கம் இல்லாவிட்டால் பிள்ளைகள் போனை எறிந்துவிடுவார்கள்.

எங்கே முட்டிக்கொண்டு நிற்கிறேன் என்றால், கட்டளைகளுக்குச் சொல் கிடைக்கவில்லை, “இது நடந்தால் அது செய்” என்பதை எப்படிக் காட்டுவது என்று தெரியவில்லை, அப்புறம் பெரிய தலைவலி தமிழ் எழுத்து. உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள்.

---

வடசேரி_சந்தை | சனி, இரவு 10.50

தம்பி, நல்ல முயற்சி. ஆனாலும் கேட்கிறேன், ஜிபி ஸ்டுடியோ இருக்கிறதே? 2019-இல் வந்தது, இலவசம், மூலநிரலும் திறந்தது. இழுத்துப் போட்டால் நிஜமான கேம்பாய் ரோம் வெளியே வருகிறது, பிரவுசரில் ஓடும் வடிவமும் தருகிறது. உங்கள் டிவி கேம்தான் வேண்டுமென்றால் காசு கொடுத்து வாங்கும் நெஸ்மேக்கர் இருக்கிறது. சின்னக் கதை சொல்ல பிட்ஸி. செய்ததையே திரும்பச் செய்கிறீர்களோ என்று தோன்றுகிறது.

---

தக்கலைக்காரன் | சனி, இரவு 11.20

நியாயமான கேள்வி அண்ணே. ஜிபி ஸ்டுடியோவில் நானே மூன்று விளையாட்டு செய்திருக்கிறேன். அதைப் பார்த்துதான் பாதி கற்றுக்கொண்டேன். ஆனால் அதற்குக் கம்ப்யூட்டர் வேண்டும், எங்கள் தெருப் பிள்ளைகள் கையில் இருப்பது அப்பாவின் போன், அதுவும் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல். நெஸ்மேக்கர் விண்டோஸில் மட்டும் ஓடுவது. இரண்டாவது, கேமுக்கு உள்ளே தமிழ் வசனம். அந்தக் கருவிகளின் எழுத்துரு ஆங்கில எழுத்தை மனதில் வைத்துச் செய்தது, ஓர் எழுத்துக்கு 8×8 கட்டம். அதில் ‘ண’ எழுதிப் பாருங்கள், மூன்று சுழியும் சேர்ந்து ஒரு கறுப்புக் கட்டியாகிவிடும்.

---

கேசட்_ஊதி | ஞாயிறு, காலை 7.05

காப்பி ஆறிவிட்டது, இதைப் படித்துக்கொண்டே இருந்ததில்.

எங்கள் வீட்டில் இருந்தது விசைப்பலகையோடு வந்த டிவி கேம். படிப்புக்கு என்று சொல்லி அப்பாவை ஏமாற்றி வாங்கியது. அதன் கேசட்டில் ஜி-பேசிக் என்று ஒன்று இருந்தது. 1984-இல் ஜப்பானில், நம் டிவி கேமுக்கு மூலமான ஃபேமிகாமுக்கு ஃபேமிலி பேசிக் என்று விசைப்பலகையோடு விற்றார்கள், அதன் வழியில் வந்த நகல். கூடவே வந்த புத்தகத்தைப் பார்த்து 60 வரி அடித்தேன். ஒரு பொம்மை இடமிருந்து வலமாக நடக்க வேண்டும். ஒன்றரை மணி நேரம். கடைசி வரியில் மின்சாரம் போனது. அதில் சேமிக்கிற வழியே கிடையாது என்று அன்றுதான் தெரிந்தது. அதோடு நான் புரோகிராமர் ஆகவில்லை, இன்றைக்கு ரப்பர் ஷீட் எடை போடுகிறேன்.

ஆகவே தம்பி, முதலில் சொல்லு: உன் கருவியில் ‘சேமி’ பட்டன் இருக்கிறதா, அல்லது தானாகச் சேமிக்கிறதா?

---

தக்கலைக்காரன் | ஞாயிறு, காலை 8.30

தானாகத்தான் அண்ணே. ஒவ்வொரு தொடுதலும் அப்போதே பதிவாகிறது. ‘சேமி’ பட்டனே வைக்கவில்லை. பில் சாஃப்ட்வேரில் கடைக்காரர்களிடம் வாங்கிய திட்டில் கற்றது.

---

கணக்கு_டீச்சர் | ஞாயிறு, மதியம் 2.40

தலைப்பிலேயே எனக்கு ஒரு மறுப்பு. “சாவி கையில் இருந்தால் கதவு திறக்கும்” என்று ஒரு பிள்ளை சொல்லிவிட்டால் அது நிரல் எழுதிவிட்டது. அடைப்புக்குறியும் அரைப்புள்ளியும் இல்லை, அவ்வளவே. ‘நிரல் வேண்டாம்’ என்று விளம்பரம் செய்யும் கருவிகள் பெரும்பாலும் நிரலை ஒழிப்பதில்லை, பத்து மெனுவுக்குள் ஒளித்துவைக்கின்றன. ஒளித்துவைத்தால் பிழை வரும்போது அதையும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

நான் பார்த்தவரை பிள்ளைகளுக்கு ‘இருந்தால்’ என்பது கஷ்டமில்லை. ‘இதற்கு முன்னால் நடந்தது’ என்பதுதான் கஷ்டம். நீங்கள் அதை எப்படிக் காட்டுகிறீர்கள்?

---

தக்கலைக்காரன் | ஞாயிறு, மாலை 5.10

டீச்சர், சரியாக அந்த இடத்தில்தான் அடி வாங்கினேன்.

மருமகள் செய்த விளையாட்டில் முட்டம் கலங்கரை விளக்கம் வருகிறது. கதவைத் திறக்கப் பாறை இடுக்கில் சாவி. அவள் போட்ட விதிகள்: சாவியைத் தொட்டால் எடு. கதவைத் தொட்டால், சாவி இருந்தால், கதவைத் திற, சாவியைப் போக்கு. எல்லாம் சரி. உள்ளே போய் விளக்கேற்றிவிட்டு, வெளியே வந்து, மறுபடி உள்ளே போகப் பார்த்தால் கதவு மூடியிருக்கிறது, சாவியும் இல்லை. விளையாட்டு அங்கேயே நின்றுபோயிற்று. திரை மாறும்போது எல்லாம் பழையபடி வரையப்படும் என்று எனக்குத் தெரியும், அவளுக்கு எப்படித் தெரியும்? “நான்தான் திறந்தேனே, அதுக்கு ஞாபகம் இல்லையா?” என்றாள்.

ஞாபகம் வைத்துக்கொள்ள ஒரு பிட் வேண்டும், ஆம் அல்லது இல்லை என்று ஒரு குறி. ஒரு பைட்டில் எட்டு பிட். எந்திரத்தில் இடம் இருக்கிறது, மொத்த நினைவகம் 2 கேபிதான் என்றாலும் 32 பைட் ஒதுக்கினால் 256 ஞாபகங்கள். சிக்கல் பெயரில். பாடப்புத்தகத்தில் ‘மாறி’ என்கிறார்கள். அவள் அதை ‘மாரி’ என்று எடுத்துக்கொண்டு மழை எங்கே என்று கேட்டாள். ‘கொடி’ என்று வைத்தேன், உடனே கட்டுமரத்தில் கொடி வரைந்துவிட்டாள்.

---

கணக்கு_டீச்சர் | ஞாயிறு, மாலை 6.00

எங்கள் பாட்டி எதையாவது மறக்கக்கூடாது என்றால் முந்தானையில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொள்வாள். வேலை முடிந்ததும் அவிழ்ப்பாள். ‘முடிச்சு’ என்று வைத்துப் பாருங்கள். போடு, அவிழ், போட்டிருந்தால், போடாவிட்டால். நான்கே வினை.

---

தக்கலைக்காரன் | ஞாயிறு, இரவு 9.45

டீச்சர், கும்பிடுகிறேன். மாற்றிவிட்டு மருமகளிடம் எதுவும் விளக்காமல் போனைக் கொடுத்தேன். ‘கதவு திறந்தாச்சு’ என்று ஒரு முடிச்சுப் போட்டு, திரை தொடங்கும்போது “முடிச்சு போட்டிருந்தால் கதவைத் திற” என்று அவளே வைத்தாள். நான்கு நிமிடம் ஆயிற்று.

நீங்கள் சொன்ன மறுப்பையும் ஏற்கிறேன். முகப்பில் “நிரல் எழுத வேண்டாம்” என்று போட்டிருந்ததை எடுத்துவிட்டேன். விதிகளை இப்போது மெனுவுக்குள் புதைக்காமல், விளையாட்டு ஓடும்போதே கீழே ஒரு பட்டையில் காட்டுகிறேன். எந்த விதி நடக்கிறதோ அது மஞ்சளாகும். பிழை எங்கே என்று கண்ணுக்குத் தெரிகிறது.

---

முட்டத்து_அலை | திங்கள், காலை 6.20

தாவல், தாவல் என்று எழுதியிருக்கிறீர்களே, கருவியில் என்ன சொல் வைத்திருக்கிறீர்கள்? எங்கள் பக்கம் எவன் ‘தாவு’ என்கிறான்? ‘குதி’யும் இல்லை. சாடு! பாறையிலிருந்து கடலில் சாடுவோம், மதில் சாடுவோம், குளத்தில் சாடுவோம். பட்டனில் ‘சாடு’ என்று எழுதுங்கள், எங்கள் ஊர்ப் பொடிசுகளுக்கு விளக்கமே வேண்டாம்.

---

வடசேரி_சந்தை | திங்கள், காலை 9.15

சாடு கொள்ளாம். ஆனால் ஆரல்வாய்மொழி தாண்டிவிட்டால் ‘சாடினார்’ என்பது எதிர்க்கட்சித் தலைவர் செய்வது. மதுரைப் பிள்ளை ‘சாடு’ பட்டனை அமுக்கிவிட்டு, கட்டுமரக்காரன் யாரைத் திட்டப் போகிறான் என்று காத்திருக்கும்.

---

முட்டத்து_அலை | திங்கள், காலை 9.40

காத்திருக்கட்டும். நாம் சென்னைப் படத்தைப் பார்த்து அவர்கள் பேச்சைப் படித்துக்கொள்ளவில்லையா?

---

தக்கலைக்காரன் | திங்கள், இரவு 10.00

சண்டை வேண்டாம். கட்டளைச் சொற்களைத் தனிக் கோப்பாகப் பிரித்துவிட்டேன். விளையாட்டுக்குள் சேமிப்பது எண்தான், சொல் இல்லை. ஆகவே குமரியில் ‘சாடு’ என்று செய்த விளையாட்டை மதுரையில் திறந்தால் ‘குதி’ என்று தெரியும். யாராவது நெல்லைக்கு ஒன்று, கொங்குக்கு ஒன்று எழுதித் தந்தால் சேர்க்கிறேன். முதலில் நிற்பது ‘சாடு’தான், கருவி தக்கலையில் பிறந்தது.

வேறொரு விஷயம். மருமகள் கடலில் நான்கு நெத்திலிகளை ஒரே வரிசையில் விட்டிருக்கிறாள். நெத்திலி என்றாலும் அவள் வரைந்த அளவு 16×16, ஆளுக்குச் சமம். கட்டுமரம் மேலே இருக்கும்வரை நான்கும் தெரிகின்றன. கட்டுமரம் அந்த வரிசைக்கு இறங்கியதும் நான்காவது மீன் மறைந்துபோகிறது. விலகினால் திரும்ப வருகிறது. மோதினால் எண்ணிக்கையும் கூடுகிறது, ஆக மீன் இருக்கிறது, கண்ணுக்குத்தான் தெரியவில்லை. என் எந்திரத்தில் பிழை என்று இரண்டு ராத்திரி தேடினேன். அசட்டுத்தனம். விடை தெரிந்தவர்கள் சிரிக்கலாம்.

---

கேசட்_ஊதி | திங்கள், இரவு 10.25

சிரித்துவிட்டேன். அந்தப் பெட்டியின் படச்சிப்பு ஒரு கிடைக்கோட்டில் எட்டு ஸ்பிரைட்டுக்கு (நகரும் படத்துண்டு) மேல் வரையாது. மொத்தத் திரைக்கும் 64. ஒவ்வொன்றும் 8 புள்ளி அகலம். உன் மீன் 16 புள்ளி, ஆக ஒரு மீனுக்கு இரண்டு. நான்கு மீன் எட்டு, சரியாக நிரம்பியது. கட்டுமரக்காரன் இரண்டு எடுத்துக்கொண்டால் கடைசி மீனுக்கு இடமில்லை, பஸ்ஸில் ஏற முடியாமல் நின்றுவிட்டது.

பழைய விளையாட்டுகளில் கூட்டம் சேர்ந்தால் எல்லாம் மினுக்குமே, ஞாபகமிருக்கிறதா? கேசட் அழுக்கு என்று நாம் எடுத்து ஊதுவோம். பல நேரம் அழுக்கு இல்லை. ஃப்ரேமுக்கு ஃப்ரேம் வரிசையை மாற்றி மாற்றிக் கொடுப்பார்கள், யாரும் முழுதாக மறையாமல் ஆளுக்குக் கொஞ்ச நேரம் மறைவார்கள். என் பெயரே அந்த அறியாமையில் வந்தது.

கருவி முன்கூட்டியே எச்சரிக்க வேண்டும்.

---

தக்கலைக்காரன் | செவ்வாய், இரவு 9.30

வரிசையை மாற்றிக் கொடுப்பதைச் சேர்த்தேன். எச்சரிக்கையும் வைத்தேன். மீன்கள் நகர்வதால் வரையும்போது சொல்ல முடியாது, சோதித்து விளையாடும்போது எந்த வரிசை நிரம்பியதோ அதன் ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு நிற்கும்.

ஆனால் மருமகள் ஒப்புக்கொள்ளவில்லை. மினுக்குவது அசிங்கமாக இருக்கிறதாம். பழையபடியே வேண்டுமாம். “அந்த மீன் மட்டும் விவரமானது மாமா, படகைப் பார்த்தா முங்கிரும்.” சரி என்று ‘மினுக்கு’ / ‘முங்கு’ என்று ஒரு தேர்வு வைத்துவிட்டேன்.

அவளுக்கு உண்மையிலேயே எரிச்சல் தந்தது நிறம்தான். 16×16 பகுதிக்கு ஒரே பேலட் (நிறத் தொகுப்பு), அதில் பின்னணி நிறம் போக மூன்று. ஓட்டுக்கூரைச் சிவப்பையும் தென்னை ஓலைப் பச்சையையும் அவள் வெவ்வேறு பேலட்டில் வைத்திருந்ததால், இரண்டும் ஒரே கட்டத்தில் தொட்டுக்கொள்ள முடியாது. கடைசியில் தென்னையை வீட்டிலிருந்து ஒரு கட்டம் தள்ளி நட்டாள். காய் ஓட்டில் விழாது என்று அவளுடைய அப்பா சந்தோஷப்பட்டார்.

---

முட்டத்து_அலை | செவ்வாய், இரவு 10.10

அடுத்த கட்டத்துக்கு மாத்தூர் தொட்டிப்பாலத்தைச் சேர்க்கச் சொல்லுங்கள். 115 அடி உயரம், கீழே பரளியாறு. மேலே ஒரு பக்கம் தண்ணீர்த் தொட்டி, ஒரு பக்கம் நடைபாதை. பக்கவாட்டில் உருளும் விளையாட்டுக்காகவே 1966-இல் கட்டியது போல இருக்கும். தூணெல்லாம் ஒன்றுபோல இருப்பதால் டைல் (8×8 புள்ளிப் படத்துண்டு) செலவும் கிடையாது.

---

தக்கலைக்காரன் | புதன், இரவு 8.50

கட்டாயம். இப்போது தமிழ் எழுத்து. கணக்கைப் பாருங்கள்.

உயிரும் ஆய்தமும் 13. மெய் 18-க்கும் ‘க, க், கி, கீ, கு, கூ’ என்று ஆறு வடிவம், ஆக 108. ‘ா, ெ, ே, ை’ தனித்துண்டு 4. ‘ஔ’ வகைக்கு ‘ள’வையே வைத்துக்கொள்ளலாம். கிரந்தம் சேர்க்காமலே 125. கண்ணுக்குப் புரிய ஒன்று 16×16 வேண்டும், அதாவது நான்கு டைல். 500 டைல். பின்னணிக்கு இந்தப் பெட்டி தருவதே 256 டைல். அதில்தான் கடல், பாறை, கலங்கரை விளக்கம் எல்லாம்.

படத்தை ரோமில் வைக்காமல் ரேமில் வைக்கும் கேசட் வகை ஒன்று உண்டு. அதில் அந்தந்த வசனத்துக்கு வேண்டிய எழுத்தை அப்போதைக்கப்போது எழுதிக்கொள்ளலாம். ஃப்ரேமுக்கு ஓர் எழுத்து எழுதினாலே நம் ஊர் டிவியின் பால் (PAL) முறைப் பெட்டியில் நொடிக்கு 50, வாசிக்கும் வேகத்தைவிட அதிகம். ஆனால் ரோம் பெரிதாகும், எந்திரத்தையும் பாதி திருப்பி எழுத வேண்டும். வேறு வழி உண்டா?

---

அச்சாபீஸ்_மகன் | புதன், இரவு 11.30

வழக்கமாக நான் இங்கே படிப்பதோடு சரி. இதற்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அப்பா நாகர்கோவிலில் ஓர் அச்சகத்தில் முப்பது வருடம் அச்சுக் கோர்த்தவர். நீங்கள் போட்ட கணக்கு அவருடைய எழுத்துப் பெட்டிதான். ‘கு’வும் ‘கூ’வும் தனி அச்சு, ‘ெ’ தனி, கால் தனி. 1978 எழுத்துச் சீர்திருத்தத்தில் ணா, றா, னா, ணை, லை, ளை, னை என்று பழைய வடிவங்கள் போயின. ணொ, ணோ வகையும் சேர்த்துப் பதின்மூன்று எழுத்து என்பார்கள். அச்சுக் கணக்கில் மிச்சம் ஏழுதான், ஏனென்றால் ‘ணொ’வுக்கு முன்னால் கொம்பும் பின்னால் பழைய ‘ணா’வும் வைத்தாலே போதும்.

சின்ன வேலைகளுக்கு அப்பா என்ன செய்வார் தெரியுமா? ஒரு கல்யாணப் பத்திரிகைக்கு மொத்தப் பெட்டியையும் கல்மேசைக்கு இழுத்துவர மாட்டார். கைப்பிரதியை ஒரு தரம் வாசித்து, அதில் என்னென்ன எழுத்து வருகிறதோ அதை மட்டும் ஒரு தட்டில் பொறுக்கிக்கொள்வார்.

உங்கள் மருமகள் விளையாட்டில் 125-உம் வரப்போகிறதா என்ன? ‘ங’வில் ‘ங்’ மட்டும் வரும். ‘ஞூ’வை வாழ்நாளில் எழுதியிருக்கிறீர்களா?

ஒரு வசனம் சொல்லுங்கள், எண்ணிக் காட்டுகிறேன். சரி, நானே வைக்கிறேன். “மக்கா, வலை எங்கே?” இதற்கு ம, க், க, ா, வ, ை, ல, எ, ங், ே. பத்து அச்சு. அடுத்து “வலை கல்லில் மாட்டியது”. வ, ை, ல, க, ம, ா ஏற்கெனவே தட்டில் இருக்கின்றன. புதிதாக வேண்டியது ல், லி, ட், டி, ய, து. ஆறே ஆறு. மூன்றாவது வசனத்துக்கு இன்னும் குறையும்.

---

தக்கலைக்காரன் | வியாழன், காலை 6.00

தூங்கவில்லை. ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டேன்.

கருவி இப்போது எல்லா வசனத்தையும் ஒரு தரம் வாசித்து, வரும் எழுத்தை மட்டும் பொறுக்கி ரோமில் வைக்கிறது. எழுத்துக்கு 160 டைல், காட்சிக்கு 96 என்று பிரித்தேன். மருமகளின் ஒன்பது வசனத்துக்கும் சேர்த்து 43 அச்சு. அதில் ா, ே, ர, ர் ஒல்லி, இரண்டு டைல் போதும், ஆக 8. மீதி 39-க்கு 156. மொத்தம் 164, நான்கு அதிகம். அப்புறம் பார்த்தால் ‘ல’வுக்கும் ‘ல்’லுக்கும் வித்தியாசம் மேலே இருக்கும் புள்ளி மட்டும், கீழ்ப்பாதி இரண்டு டைலும் அதேதான். அப்படி ஆறு ஜோடி. 12 டைல் மிச்சம். 152. மீதி எட்டில் காற்புள்ளி, கேள்விக்குறி, வெற்றிடம் எல்லாம் உட்கார்ந்துவிட்டன.

எழுதும்போதே மூலையில் ‘தட்டு’ என்று ஓர் எண் தெரியும். புதிய எழுத்து வந்தால் ஏறும். நிரம்பிவிட்டால் “ஏற்கெனவே உள்ள எழுத்தில் வேறு சொல் பாருங்கள்” என்று சொல்லும். மருமகள் ‘மீன்காரர்’ என்பதை எடுத்துவிட்டு ‘மாமா’ என்று போட்டாள். ‘மீ’ மிச்சம்.

வசனப் பெட்டியில் இரண்டு வரி, வரிக்குச் சராசரியாக 14 எழுத்து. குறைச்சல்தான்.

---

கணக்கு_டீச்சர் | வியாழன், காலை 7.30

இரண்டு வரி போதாது என்று குமரியில் உட்கார்ந்துகொண்டு சொல்லாதீர்கள். கடலில் 133 அடிக்கு நிற்கிறவர் காதில் விழும்.

---

மார்த்தாண்டம்_சால்டரிங் | வியாழன், மாலை 4.15

மக்கா, 32 கேபி, 8 கேபி, மேப்பர் (கூடுதல் நினைவகத்தை மாற்றி மாற்றிக் காட்டும் சிப்பு) கிடையாது. அப்படியானால் இதை நிஜக் கேசட்டாகவே போடலாமே! நாமே எழுதக்கூடிய இபிராம் சிப்பு போதும், நிரலுக்கு 27சி256 ஒன்று, படத்துக்கு 27சி64 ஒன்று. என்னிடம் டிவி ரிப்பேர் காலத்து இபிராம் எழுதும் பெட்டி இருக்கிறது. ஒரு 60 கால் கேசட்டைத் திறந்து பார்த்தேன், சிப்பை மூடும் கறுப்புத் தார்ப்பொட்டு இல்லாமல் நிஜச் சிப்பே இருந்தது. பழைய சிப்பின் கால் வரிசையும் இபிராம் வரிசையும் முழுக்க ஒன்றில்லை, இரண்டு மூன்று கம்பி மாற்றிப் பற்றவைக்க வேண்டும். ரோமை அனுப்பு. பழைய கேசட்காரர்களின் படம் எதுவும் உள்ளே இல்லையே?

---

தக்கலைக்காரன் | வியாழன், மாலை 4.40

எல்லாம் மருமகள் வரைந்தது அண்ணே. மீசைக்காரக் குழாய் ரிப்பேர்காரரை முதலில் கட்டுமரத்தில் ஏற்றிவைத்திருந்தாள், அது அடுத்தவர் சொத்து என்று சொல்லி இறக்கிவிட்டேன். இப்போது நிற்பது அவளுடைய தாத்தா, அவருக்கும் மீசை உண்டு. ரோம் அனுப்பியாயிற்று.

---

மார்த்தாண்டம்_சால்டரிங் | ஞாயிறு, மதியம் 12.30

ஓடுகிறது! முதல் தடவையிலேயே. பழைய டப்பா டிவியில் போட்டேன். இரண்டு குறை. சாடினால் மெதுவாக இறங்குகிறது, நீ போனில் 60 ஃப்ரேமில் பார்த்துச் சரிசெய்திருக்கிறாய், என் பெட்டி 50. அப்புறம் வசனம். கிழவர் “மக்கா” என்பதற்குப் பதில் “மககா, வலை எஙகே” என்கிறார். எழுத்துரு தப்பா?

---

தக்கலைக்காரன் | ஞாயிறு, மதியம் 1.10

எழுத்துரு இல்லை அண்ணே, டிவி. டப்பா டிவி படத்தின் மேல் விளிம்பைக் கொஞ்சம் விழுங்கிவிடும். வசனப் பெட்டியைத் திரையின் உச்சியில் வைத்திருந்தேன், முதல் வரியின் புள்ளியெல்லாம் சட்டத்துக்கு வெளியே போய்விட்டது. போனில் முழுத்திரையும் தெரிவதால் நான் கவனிக்கவில்லை. பெட்டியை இரண்டு டைல் கீழே இறக்கிவிட்டேன். 50, 60 இரண்டுக்கும் தனித்தனி அட்டவணையும் வைத்து இப்போது புது ரோம் அனுப்புகிறேன்.

---

மார்த்தாண்டம்_சால்டரிங் | ஞாயிறு, இரவு 7.50

புள்ளி வந்துவிட்டது. நான்காவது மீன் முங்குகிறது, அது வேண்டும் என்றுதானே சொன்னாய், விட்டுவிட்டேன். கேசட் கடையில் இருக்கிறது, சனிக்கிழமை பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா. மேலே ஒட்ட ஒரு படம் வரைந்து கொண்டுவரச் சொல், அளவு பழைய ஸ்டிக்கரை அளந்து இரவு போடுகிறேன். வரும்போது இன்னொரு 27சி64 வாங்கி வா, எழுதிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய் ஒன்று வீணாயிற்று.